இரண்டு நாதஸ்வரங்களில் ஒன்று

ஆரணி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பட்டு, அடுத்தபடியாக அரிசி. எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே நாதஸ்வரம் வாசித்துப் பிழைத்த வீடுகளும் கமண்டல நாகநதிக் கரையில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி நாங்கள். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதுவதற்கு அடக்கமோ பெருமையோ காரணமல்ல. சிறு வயதிலிருந்து எங்களை யாரும் தனித்தனியாக அழைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் அறிவிப்பிலும் 'சகோதரர்கள்' என்றே அச்சிட்டார்கள். எங்களில் ஒருவர் மட்டும் கடல் கடந்து போன நான்கு ஆண்டுகளைப் பற்றி எழுதும்போதும் அந்தச் சொல்லைக் கைவிட மனம் வரவில்லை.

நாதஸ்வரமா நாகசுரமா என்ற விவாதத்துக்குள் நாங்கள் இப்போது நுழையவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு 'வாத்தியம்' என்று மட்டுமே பெயர். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாதஸ்வரம் இருவர் சேர்ந்து வாசிக்கும் கருவி. ஒருவர் ராகத்தை விரித்துக்கொண்டு போகையில் மற்றவர் காத்திருப்பார். முதல்வர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டாமவர் ஏந்திக்கொள்வார். கேட்பவர்களுக்கு அந்த இடம் தெரியக்கூடாது. எங்கள் அப்பா பாடம் சொல்லும்போது ஸ்வரத்தைவிட இதற்காகத்தான் அதிகம் அடித்தார். "அவன் மூச்சு எங்க முடியுதுன்னு உனக்குத் தெரியலைன்னா நீ வாசிக்கவே வேணாம்" என்பார். விடியற்காலையில் எங்கள் தெருவில் நெசவாளர்கள் பாவு நீட்டிக்கொண்டிருப்பார்கள். தெருவின் ஒரு முனையில் ஒருவரும் மறுமுனையில் ஒருவரும் இழுத்துப் பிடிக்க, நடுவில் பட்டு இழைகள் ஒரே மட்டத்தில் நிற்கும். திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் சாதகம் செய்தோம்.

எங்கள் குடும்பத்தில் எல்லை தாண்டிப் போய் வாசித்த முதல் ஆள் தாத்தா. இளவயதில் தஞ்சாவூர்ப் பக்கம் குருகுலவாசம் இருந்தவர். பின்னர் அங்கே ஒரு வித்வானின் குழுவில் இரண்டாம் நாதஸ்வரமாகச் சேர்ந்தார். 1950-களின் பிற்பகுதியில் அந்தக் குழு ஏறக்குறைய ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்தது. அக்காலத்துத் தமிழ்நாட்டு நாதஸ்வர வித்வான்களுக்கு யாழ்ப்பாணம் அயல்நாடாகத் தோன்றியதாகத் தெரியவில்லை. ஆனால் அது அயல்நாடுதான். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அங்கே குடிவரவுச் சட்டமும் வந்துவிட்டது. கடவுச்சீட்டு இல்லாமல் கப்பலில் கால் வைக்க முடியாது. தாத்தாவின் கடவுச்சீட்டு இன்றும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் தொழில் என்ற இடத்தில் 'மியூசிஷியன்' என்று ஓர் அலுவலர் மையால் எழுதியிருக்கிறார். தாத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆயினும் அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பது தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் விரலை வைத்துக் காட்டுவார்.

பயணத்தை அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். போட் மெயிலில் தனுஷ்கோடி வரை. அங்கே துறைமுகத்திலேயே ரயில் நிற்கும். 'இர்வின்', 'கோஷன்' என்று இரண்டு கப்பல்கள். எது அன்றைக்கு நிற்கிறதோ அதில் ஏறித் தலைமன்னார். அங்கிருந்து மறுபடியும் ரயில். யாழ்ப்பாணம் வடக்கே இருக்க, வண்டி முதலில் தென்கிழக்காக மதவாச்சி வரை போகும். அங்கே இறங்கி, கொழும்பிலிருந்து வரும் வண்டிக்குக் காத்திருந்து வடக்கே திரும்ப வேண்டும். தவிலைத் தரையில் வைக்காமல் இரவு முழுவதும் மடியில் வைத்துக்கொண்டிருப்பார்களாம். பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும். சீவாளிகளை ஒரு சிறு பெட்டியில் துணி சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாராம் தாத்தா. வாத்தியம் போனால் இன்னொன்றைக் கடன் வாங்கலாம். வாய்க்குப் பழகிய சீவாளிக்கு மாற்று கிடையாது.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. யார் நல்ல மேளத்தை அழைத்துவருவது என்பதில் அவர்களுக்குள் போட்டி. உள்ளூர்க் குழுவும் இந்தியக் குழுவும் ஒரே இரவில் மாறி மாறி வாசிப்பார்கள். மேளச்சமா என்று அதற்குப் பெயர். மணலில் உட்கார்ந்து விடியும்வரை கேட்பார்கள் என்றும், ஓர் அட்சரம் பிசகினாலும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழும் என்றும் தாத்தா சொல்லுவார். இங்கே திருமணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு வாசித்துப் பழகியவருக்கு அது அச்சமூட்டியிருக்கிறது. "சோறு வச்சவங்க முன்னால வாசிக்கிறது வேற, கேக்க வந்தவங்க முன்னால வாசிக்கிறது வேற" என்பார்.

அவர் அங்கே கேட்டவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் பேசும்போது குரல் மாறும். அவர் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி. 1933-இல் இணுவிலில், தவில் கலைஞர் விஸ்வலிங்கத்தின் மகனாகப் பிறந்தவர். எங்கள் தாத்தா வடக்கிலிருந்து தெற்கே கடல் தாண்டினார். தெட்சிணாமூர்த்தி தெற்கிலிருந்து வடக்கே தாண்டினார். தவில் பிறந்த மண் என்று சொல்லிக்கொண்ட காவிரிக் கரைக்கே வந்து வாசித்து, அங்கிருந்தவர்களை வியக்க வைத்தார். காருக்குறிச்சி அருணாசலத்துக்கும் ஷேக் சின்னமௌலானாவுக்கும் தவில் வாசித்தார். 1975-இல் மறைந்தபோது நாற்பதைச் சற்றே கடந்த வயது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றது. கலைஞர்களின் போக்குவரத்து இங்கிருந்து அங்கே மட்டும்தான் என்று எண்ணுகிறவர்கள் அவருடைய ஒலிப்பதிவு ஒன்றையேனும் கேட்க வேண்டும்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. துறைமுகமும் ரயில் பாதையும் போயின. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். 1980-களில் போர் அதையும் நிறுத்தியது. தாத்தா 1964-க்குப் பிறகு போகவில்லை. ஆரணிக்குத் திரும்பி, திருமணங்களுக்கும் கோயில்களுக்கும் வாசித்தார். எங்கள் அப்பாவின் காலத்தில் தாண்டுவதற்கு எல்லை என்று ஒன்றும் இருக்கவில்லை. செய்யாறு, போளூர், வேலூர், அதிகம் போனால் சென்னை. அப்பாவுக்கு அதில் குறையில்லை. தாத்தா பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார் என்பதை மட்டும் கவனித்திருக்கிறோம்.

*

எங்கள் காலத்துக்கு வருவோம். 2000-க்குப் பிறகு எங்கள் பக்கத்துத் திருமணங்களில் செண்டை மேளம் நுழைந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்கள். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் நாங்கள். பிறகு அந்த நேரத்துக்கும் ஒலிநாடா, குறுந்தகடு, இறுதியாகக் கைப்பேசி. ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மிஞ்சிய மாதங்களின் முகூர்த்த நாட்களைக் கொண்டு ஆண்டு முழுவதும் இரண்டு குடும்பம் சாப்பிட வேண்டும். வீட்டின் மீது கடன் இருந்தது. அது எப்படி வந்தது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. கலைஞர் வீட்டுக் கடன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வருகின்றன.

2013-இல் சிங்கப்பூரில் ஒரு கோயிலுக்கு ஆள் தேவை என்று ஓர் இடைத்தரகர் மூலம் தெரியவந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், தங்குமிடம், சாப்பாடு, மாதச் சம்பளம். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். இரண்டாவது நாதஸ்வரத்துக்கு இடமில்லை.

அன்று இரவு நாங்கள் இருவரும் பேசவில்லை. அம்மாதான் பேசினார். "அவன் பெரியவன், ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு. சின்னவன் போகட்டும்." இளையவருக்கு அப்போது ஒரு வயதுக் குழந்தை. அதை யாரும் சொல்லவில்லை. மூத்தவர் மட்டும் ஒருமுறை, "நான் போறேன்டா" என்றார். இளையவர், "முதல் நாதஸ்வரம் நீதான் அண்ணா. வீட்டுல மேளம் நிக்கணும்னா நீ இங்க இருக்கணும்" என்றார். அது உண்மை. ஆனால் அது மட்டுமே உண்மையல்ல என்பதை இருவரும் அறிவோம். தனியாக வாசித்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை இளையவருக்கு இருந்தது. இதை அவரே இப்போது எழுதச் சொல்கிறார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு நெசவாளர் ஒரு பட்டு அங்கவஸ்திரம் கொண்டுவந்து கொடுத்தார். தம் தறியில், தம் நூலில் நெய்தது. காசு வாங்க மறுத்தார். "எங்க சேலை எல்லாம் வெளிநாடு போயிருக்கு தம்பி. இந்தத் தெருவிலிருந்து ஆள் போறது இதான் முதல் தடவை" என்றார். தாத்தாவை அவர் மறந்துவிட்டார். நாங்களும் நினைவூட்டவில்லை.

*

ஒப்பந்தத் தாளில் 'கோயில் பணியாளர்' என்று இருந்தது. அதன் பொருள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. காலை பூஜைக்கு முன் வாசிக்க வேண்டும். மாலையில் வாசிக்க வேண்டும். இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி. இடைப்பட்ட நேரத்தில் விளக்குத் துடைத்தல், பூ கட்டுதல், திருமண மண்டபத்தில் நாற்காலி போடுதல். வேலை இழிவு என்று நாங்கள் சொல்லவரவில்லை. தறியில் உட்காரும் கை வேறு வேலையும் செய்கிறது. ஆனால் நாற்காலி தூக்கிய கை உடனே துளைகளின் மேல் நிற்காது. விரல் நடுங்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் உரிமைக்காக மன்றாடிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் மறைந்தது 1956-இல். அவர் ஈட்டிய உரிமை எந்த எல்லை வரை செல்லுபடியாகும் என்பதை ஒப்பந்தத் தாளில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஈரக் காற்றில் சீவாளி ஊறிப்போனது. தவிலுக்கு வேறு தொல்லை. குளிரூட்டிய அறையில் தோல் இறுகி, வெளியே வந்தால் தளர்ந்தது. இவற்றையெல்லாம் சில மாதங்களில் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது மூச்சு. தனி நாதஸ்வரத்தில் மூச்சு வாங்கும் இடத்தைச் சுருதிப் பெட்டிதான் நிரப்ப வேண்டும். அதற்கு எதுவும் தெரியாது. ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே இளையவர் நீண்ட பிடிகளை விட்டுவிட்டு, ஒரு மூச்சில் முடியும் சிறு சிறு சொற்களாக வாசிக்கத் தொடங்கினார். கோயில் நிர்வாகத்துக்கு அது பிடித்திருந்தது. பூஜை நேரத்துக்குள் அடங்கியது.

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும். அந்தச் சாலையில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பல இனத்தார் வாழும் ஊரின் ஒழுங்குக்கு அதற்குரிய காரணங்கள் இருக்கலாம். ஆனால் நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே உண்டான வாத்தியம். சாமி புறப்பட்டதும் மல்லாரியோடு முன்னே நடப்பதற்காக அதற்கு அவ்வளவு குரல். முதல் இரண்டு தைப்பூசங்களில் இளையவர் கையை வீசிக்கொண்டு காவடிகளோடு நடந்தார். கை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்று அன்றிரவு தொலைபேசியில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமானத் தொழிலாளர்கள் கோயிலுக்கு வருவார்கள். பெரும்பாலும் புதுக்கோட்டை, அரியலூர்ப் பக்கத்து இளைஞர்கள். ஒருநாள் மாலை வாசித்து முடித்ததும் ஒருவர் வந்து, "அண்ணா, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். ஆரணி என்றதும் அவர் முகம் மாறியது. அவருக்குத் தேவிகாபுரம். பத்து ஆண்டுகள் பட்டுத்தறி நெய்தவர்; கூலி கட்டுபடியாகாமல் கம்பி கட்ட வந்திருக்கிறார். தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "நம்ம பக்கத்து நெசவு" என்றார். பெரியநாயகி அம்மன் கோயில் திருவிழாவில் வாசிப்பார்களே, அதைப் போல் வாசிக்க முடியுமா என்று கேட்டார். இளையவர் கல்யாணி வாசித்தார். நேரம் முடிந்துவிட்டதால் ஒலிபெருக்கி இல்லை. தூணோரம் நின்று அந்த ஒருவர் மட்டும் கேட்டார். தாத்தா சொன்ன 'கேக்க வந்தவங்க' என்பது நான்கு ஆண்டுகளில் அந்த ஒரு மாலைதான் என்று சொன்னால் மற்ற பக்தர்களுக்கு அநியாயம் செய்ததாகும். இருந்தாலும் எங்கள் கணக்கில் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

*

ஆரணியில் இருந்த மூத்தவருக்கும் அக்காலம் எளிதாக இல்லை. இரண்டாம் நாதஸ்வரத்துக்குக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார். நல்ல வாசிப்புக்காரர்தான். ஆனால் மூச்சு முடியும் இடத்தில் அவர் ஒரு கணம் முந்தியோ பிந்தியோ வந்தார். கேட்பவர்களுக்கு அது தெரிந்திருக்காது. மூத்தவருக்குத் தெரிந்தது. புதுக்காமூர்க் கோயிலில் ஒருநாள் ஆலாபனையின் நடுவே வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டார். தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

கைப்பேசியில் காணொளி அழைப்பு வந்த பிறகு, சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம் என்று ஒருமுறை முயன்றோம். இங்கே ஒருவர், அங்கே ஒருவர், நடுவில் கைப்பேசி. இங்கே மூச்சு முடிந்து அங்கே ஏந்திக்கொள்ளும் ஒலி இங்கே வந்து சேர ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணம் இடைவெளியாகக் கேட்டது. மறுபடி முயன்றோம், முன்கூட்டியே தொடங்கிப் பார்த்தோம், சரிவரவில்லை. சிரித்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்தோம். பிறகு முயலவில்லை. கடவுச்சீட்டு, அனுமதிச் சீட்டு, சுங்கம், ஒப்பந்தம் என்று எல்லையை எத்தனையோ விதமாகப் பார்த்தோம். எங்களுக்கு அது கடைசியில் அந்த ஒரு கணம்தான்.

இளையவர் 2017-இல் திரும்பினார். கடன் அடைந்தது, வீடு மீண்டது, மூத்தவரின் பெரிய மகளுக்குத் திருமணம் நடந்தது. அந்த நான்கு ஆண்டுகள் வீண் என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். எங்களைப் போலப் போனவர்கள் இம்மாவட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளும் மீண்டிருக்கின்றன. ஆனால் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்த முதல் நாள், எங்கள் இருவருக்கும் ஒன்று புரிந்தது. இளையவர் இடைவெளியே விடவில்லை. இடைவெளி விட்டால் அதை நிரப்ப ஆள் இருக்கிறார் என்பதை அவருடைய மூச்சு மறந்திருந்தது. மூத்தவரோ, எவருக்காகவும் காத்திருக்காமல் தாமே முடித்துவிடப் பழகியிருந்தார். இருவரும் நன்றாகத்தான் வாசித்தோம். சேர்ந்து வாசிக்கவில்லை.

*

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. சிங்கப்பூர்க் கோயிலில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர், அளவெட்டிப் பக்கத்தில் உள்ள தம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு 2025-இல் எங்களை அழைத்தார். ஆடி மாதம், இங்கே முகூர்த்தம் இல்லை. அவர் கேட்டது முழுச் சேர்க்கை: இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். அந்த 'இரண்டு' என்ற சொல்லைக் கேட்டபோது உடனே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் இருவரும் 'இசைக்கலைஞர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதினோம். தாத்தாவின் கடவுச்சீட்டைத் திறந்து எழுத்துக்கூட்டைச் சரிபார்த்துக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்தில் தாத்தாவை நினைவில் வைத்திருந்தவர் எவரும் இல்லை. அதை நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. இடையே எத்தனையோ நடந்துவிட்ட மண் அது. மணலில் ஒரு நூறு பேர் இருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் பாதிப் பேர் எழுந்து போனார்கள். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், "தம்பிமார் எந்த ஊர்?" என்றார். சொன்னோம். "பட்டு நெய்யிற ஆரணியோ?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "அங்கையும் மேளம் இருக்குதோ" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

முதல் நாள் மல்லாரியில் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டோம். முதியவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். இரண்டாம் நாள் இரவு தோடியில் மேல் ஷட்ஜத்தில் நின்றுகொண்டிருந்தபோது மூத்தவருக்கு மூச்சு முடிந்தது. அவர் வழக்கம்போல் தாமே முடித்துவிடாமல், அப்படியே விட்டார். இளையவர் அங்கே இருந்தார். முதியவர் இம்முறை தலையைத் தூக்கவில்லை.